தகுதிகாண் பருவத்தில் ஒரு குடும்பத் தலைவர்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை வரவேற்று, வரிசையாக உட்காரவைத்து, கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்லி, அவர்கள் கொட்டாவியை விழுங்கும் அழகைப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் இலாகாவுக்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். நடுவில் ஒருநாள் பெயிண்டர் வந்து கதவில் எச்.ஆர். என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளே அதே மேஜை, அதே மின்விசிறி, அதே நான். இனிமேல் "லீவ் கிடையாது" என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று மட்டும் மேலிடத்து உத்தரவு.

58 வயது முடிந்ததும் சால்வை போர்த்தி, ஒரு டேபிள் டாப் வெட் கிரைண்டரையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த உத்தியோகத்துக்கான கருவி அது என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். அதுவரை இந்த வீட்டில் நான் ஒரு பகுதிநேர விரிவுரையாளன். ராத்திரி வருவேன், ஏதாவது கருத்துச் சொல்வேன், சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். அன்றுதான் முழுநேர ஊழியனாகப் பணியேற்றேன். வரவேற்புரை கிடையாது, பூச்செண்டு கிடையாது. "காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்று ஒரு குரல் வந்தது. இண்டக்‌ஷன் அத்தோடு முடிந்தது.

நான் நடத்திய இண்டக்‌ஷன்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் விழுப்புரத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் தகரப்பெட்டியோடு வந்து இறங்குவார்கள். முதல் நாள் பி.எஃப். நாமினேஷன் படிவம், இ.எஸ்.ஐ. படிவம், இரண்டு செட் யூனிஃபார்ம், ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. ஷூ எப்போதும் ஒரு சைஸ் பெரியது. காலுக்கு வளர வாய்ப்புக் கொடுக்க வேண்டுமல்லவா? பிறகு விளக்கை அணைத்து ஸ்லைடு புரொஜெக்டரைப் போடுவேன். ஸ்தாபகர் படம். ஸ்தாபகரின் தகப்பனார் படம். முதல் ஷெட்டின் கூரை போட்ட அன்று எடுத்த படம். தீயணைப்புக் கருவிகள் எத்தனை வகை, எந்த வகைத் தீக்கு எதை எடுக்க வேண்டும். இரண்டு நாள் பேசுவேன். மூன்றாம் நாள் அவர்களை ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பிவிட்டு, ஒரு தலைமுறையை உருவாக்கிய திருப்தியோடு டீ குடிப்பேன்.

அதே நேரம் கான்டீன் வரிசையில் ஒரு சீனியர் டர்னர் அந்தப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "மூணாம் நம்பர் லேத்துகிட்ட ஈரக் கையோட போகாத. கடைசிக் குழாயிலதான் நல்ல தண்ணி வரும். சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்னா அந்தப் பக்கமே தலை காட்டாத. முதல் மணிக்கே ஓடி வந்துடு, ரெண்டாவது மணிக்கு இட்லி இருக்காது. தங்க இடம் கிடைச்சுதா? பட்டரவாக்கத்துல நம்ம பசங்க ரூம்ல ஒரு ஆள் இடம் இருக்கு." இதைச் சொல்ல அவருக்கு யாரும் படி கொடுக்கவில்லை. புரொஜெக்டரும் கொடுக்கவில்லை. சேர்ந்த சூட்டோடு நின்றுவிட்ட பையன்களைப் பிற்பாடு யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்த டர்னர் நைட் ஷிப்டில் இருந்த வாரத்தில் வந்து சேர்ந்தவர்கள். கூடச் சாப்பிட ஆளில்லாமல் போனவர்கள். நான் அவர்களுடைய ராஜினாமாவில் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவேன். எதையும் மூடுவதற்கு அதைவிட வசதியான சொல் அகராதியில் கிடையாது.

இப்போதெல்லாம் ஏற்பாடே வேறு. 2021-ல் என் மகள் ஒரு கணினிக் கம்பெனியில் சேர்ந்தாள். கொரோனாக் காலம், கம்பெனி வாசலை மிதிக்காமலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கூரியரில் லேப்டாப் வந்தது. பின்னாலேயே ஒரு பெட்டி: தோள்பை, தண்ணீர் பாட்டில், டி-ஷர்ட், காப்பிக் கோப்பை, ஸ்டிக்கர், "நீ வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி" என்று ஒரு அட்டை. நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது ஒரு டோக்கன், அதைத் தொலைத்தால் கட்ட வேண்டிய அபராதத் தொகை பற்றிய ஒரு எச்சரிக்கை. மகளுக்கு "பட்டி" என்று ஒருவரை வேறு ஒதுக்கியிருந்தார்கள். பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம் இல்லையாம். புதியவருக்குக் கை கொடுக்கும் தோழராம். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள தோழர்.

அவளுடைய இண்டக்‌ஷன் எங்கள் ஹாலில்தான் நடந்தது. திரையில் இருபது முப்பது முகங்கள். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு சுவையான தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நான் பின்னால் வெந்நீர் வாளி தேடிப் போனேன். இருபது முப்பது முகங்களும் ஒரே நேரத்தில் மலர்ந்தன. அந்த பேட்ச்சில் அவளுக்கு இன்றுவரை இருக்கும் நெருங்கிய சிநேகிதிகள் நான்கு பேரும் அன்று அந்தச் சிரிப்பில் சேர்ந்தவர்கள்தான். கம்பெனி செய்யாததை என் துண்டு செய்தது. ஆனால் நன்றிக் கடிதம் எதுவும் வரவில்லை.

என் பணியேற்புக்கு வருவோம். புதியவரைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது, முதல் வாரத்திலேயே சின்னதாகவாவது ஒரு வேலையை முழுசாக அவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்று சூப்பர்வைசர்களுக்கு நான் வகுப்பு எடுத்ததுண்டு. எனக்கு யாரும் பொறுப்புக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்: பதினோரு மணிக் காப்பி.

சமையலறை அலமாரியைத் திறந்தேன். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் ரவை. ரவை என்று எழுதியதில் பூந்திக்கொட்டை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள். காப்பிப்பொடி என்று எழுதிய டப்பாவில் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், திருகு கழன்ற ஒரு கொலுசு. சர்க்கரை, "அரிசி மாவு" என்ற மாறுபெயரில் மேல் தட்டில் தலைமறைவாக இருந்தது. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அங்கேதான் வாசமாம். இதில் வேடிக்கை என்னவென்றால் லேபிள்கள் எல்லாம் என் கையெழுத்து. எந்த யுகத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியவை. நிர்வாகம் அவற்றைக் கிழிக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. எங்கள் தொழிற்சாலையின் ஐ.எஸ்.ஓ. கையேட்டுக்கும் இதே கௌரவம்தான் கிடைத்தது. ஆடிட்டர் வரும் அன்று மட்டும் தூசு தட்டுவோம்.

"எது எங்கே இருக்குன்னு எங்கேயாவது எழுதி வைக்கக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"ஒரு நிறுவனத்தோட அறிவெல்லாம் ஒரே ஒருத்தர் தலைக்குள்ள இருக்கறது ஆபத்து. நீ ஊருக்குப் போனா?"

"போன தடவை போனப்போ என்ன செஞ்சீங்க?"

போன தடவை ஓட்டலில் சாப்பிட்டேன். அது நிறுவன ரகசியம் என்பதால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜான் வான் மானென், எட்கர் ஷைன் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1979-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். புதிதாக வருகிறவரை ஒரு நிறுவனம் எப்படித் தன் வழிக்குக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆறு ஜோடி உத்திகளைப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். அதில் ஒரு ஜோடி: வருகிறவரின் பழைய பெருமையை அப்படியே ஏற்று, அதன்மேல் கட்டுவது; அல்லது, பழைய பெருமையை முதலில் உரித்து எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக் கட்டுவது. பட்டாளத்தில் முடியை ஒட்ட வெட்டுவது இரண்டாம் வகை. என் மனைவி இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. நான் ஹாலில் நின்று, "தொழிலாளர் விவகாரத்துல எனக்கு இருக்கற அனுபவத்துக்கு..." என்று தொடங்கும்போது, "வெண்டைக்காயைத் துடைச்சிட்டு நறுக்கணும், நறுக்கிட்டுக் கழுவக் கூடாது" என்றாள். முடிவெட்டு முடிந்தது.

எனக்கும் ஒரு "பட்டி" கிடைத்தார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்க வரும் அம்மாள். சர்வீஸில் எனக்கு எவ்வளவோ சீனியர். என் மனைவி ஸ்நானத்துக்குப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அந்த அம்மாள் எனக்கு முழுப் பயிற்சியும் கொடுத்துவிட்டார்.

"சார், இந்தக் குக்கருக்கு முதல் விசில் சரியா வராது, புஸ்ஸுனு போயிடும். ரெண்டாவதுலேருந்து எண்ணுங்க. மோட்டார் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போடணும். பால் காய்ச்சறப்போ பேப்பர் படிக்காதீங்க. அப்புறம், அம்மா அவங்க அக்காகிட்ட போன்ல பேசறப்போ கிச்சன் பக்கம் வந்துடாதீங்க. பேசி முடிச்ச உடனேயும் வராதீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சூப்பர்வைசர் ஞாபகத்துக்கு வந்தார். இதுதான் கல்வி. இதற்கு ஸ்லைடு போட முடியாது.

இந்தத் தோழமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஒருநாள் கால் கிலோ பீன்ஸை எடுத்து உட்கார்ந்து, தொழிற்சாலை வேகத்தில் நறுக்கித் தள்ளினேன். அந்த அம்மாள் தேய்த்துக்கொண்டிருந்த இலுப்பச்சட்டியை டமாலென்று கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், நீங்க பாட்டுக்கு இப்படி சரசரன்னு நறுக்கினீங்கன்னா நாளைலேருந்து அம்மா என்னையும் இதே மாதிரி கேப்பாங்க. மெதுவா சார், மெதுவா."

சிகாகோ பக்கத்தில் சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. 1924-லிருந்து 1932 வரை அங்கே நடந்த ஆராய்ச்சிகளைச் சொல்லாமல் எச்.ஆர். வகுப்பு எதுவும் தொடங்காது, நானும் தொடங்கியதில்லை. எல்லாரும் சொல்வது வெளிச்சக் கதை: விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, கவனிக்கிறார்கள் என்பதாலேயே ஏறியது என்று. எனக்குப் பிடித்தது கடைசியாக நடந்த பகுதி. 14 ஆண்கள் ஓர் அறையில் டெலிபோன் சுவிட்சுகளுக்குக் கம்பி இணைத்தார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அந்தப் பதினான்கு பேரும் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதற்குமேல் எவனாவது ஆர்வமாகச் செய்தால், பக்கத்தில் இருக்கிறவன் அவன் புஜத்தில் ஓங்கி ஒரு குத்து விடுவான். கூட வேலை செய்தால் கூடக் காசு என்று கம்பெனி வைத்திருந்த திட்டமெல்லாம் அந்தக் குத்துக்கு முன்னால் நிற்கவில்லை. மேலதிகாரி எத்தனை பேசினாலும் புதியவன் கற்றுக்கொள்வது பக்கத்து ஆளின் கையிடமிருந்துதான். என்னை இலுப்பச்சட்டிச் சத்தத்தோடு விட்டார்கள். பீன்ஸை அன்றிலிருந்து மெதுவாக நறுக்குகிறேன்.

ஊழியர் ஈடுபாடு என்று ஒன்று இருக்கிறது. வேலையில் மனசும் சேர்ந்து இருப்பது. வில்லியம் கான் என்பவர் 1990-ல் ஒரு கோடைக்கால முகாமையும் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தையும் கூர்ந்து பார்த்து எழுதினார்: செய்கிற வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும், பயமில்லாமல் நானாக இருக்க முடிய வேண்டும், அதற்கு உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் மனுஷன் வேலையில் முழுசாக இறங்குவான் என்று. கேலப் நிறுவனம் தன் பங்குக்கு ஈடுபாட்டை அளக்க 12 கேள்விகளை வைத்துக்கொண்டு உலகமெங்கும் கேட்கிறது. 2024-ல் அவர்கள் எடுத்த கணக்குப்படி உலகத்தில் ஈடுபாட்டோடு வேலை செய்கிறவர்கள் 21 சதவீதம். மிச்சம் பேர் மணி பார்க்கிறார்கள்.

அந்தக் கேள்விகளை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும், குறுக்கே நிற்கக் கூடாது. வேலைக்கு வேண்டிய கருவிகள் உண்டா? கூரான கத்தி எனக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. முனை மழுங்கிய ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். கடந்த வாரத்தில் யாராவது பாராட்டினார்களா? "பரவாயில்லையே, கீழே கொட்டலையே" என்று ஒருமுறை. உன் வளர்ச்சியில் யாராவது அக்கறை காட்டுகிறார்களா? காலை நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள், பக்கத்து அறையிலிருந்தே வருகின்றன. உன் கருத்துக்கு மதிப்பு உண்டா?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தினமும் பத்து மணிக்கு, "இன்னிக்கு சாம்பாரா, வத்தக்குழம்பா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் தீர யோசித்து, "சாம்பார்" என்பேன். சுண்டைக்காய் வற்றல் நல்லெண்ணெயில் பொரிகிற வாசனை நான் யோசிக்க ஆரம்பித்தபோதே வந்துவிட்டிருக்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழில்முறையில் இது ஓர் அங்கீகரிக்கப்பட்ட உத்தி. முடிவு எடுத்தபின் கருத்துக் கேட்பதில் எங்கள் இலாகா கரைகண்டது. கேட்டின் அருகே ஆலோசனைப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். சாவி தொலைந்து பல வருஷம் கழித்துப் பூட்டை உடைத்தபோது உள்ளே நிறைய பஸ் டிக்கெட்டும் ஒரே ஒரு ஆலோசனையும் இருந்தன: "இந்தப் பெட்டியை அவ்வப்போது திறக்கலாம்." மகளின் கம்பெனியில் பெட்டி கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் திரையில் ஐந்து முகங்கள் வரும், அழுகிற முகத்திலிருந்து இளிக்கிற முகம் வரை. இந்த வாரம் எப்படி இருந்தது என்று ஒன்றைத் தொட வேண்டும். யார் தொட்டார்கள் என்பது பரம ரகசியமாம். தொடாமல் விட்டால் திங்கட்கிழமை, "நீங்கள் இன்னும் தொடவில்லை" என்று பெயர் போட்டு மின்னஞ்சல் வருகிறது. அவள் எப்போதும் நான்காவது முகத்தைத் தொடுகிறாள். ஐந்தாவதைத் தொட்டால் வேலையைக் கூட்டிவிடுவார்களாம்.

இதில் நியாயமான கம்பெனி என்று எனக்குத் தோன்றுவது லாஸ் வேகஸில் செருப்பு விற்ற ஜாப்போஸ். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "பிடிக்கவில்லையா? இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு இப்போதே போய்விடலாம்" என்று கையில் காசைக் காட்டுவார்கள். அரை மனசோடு இருக்கிறவன் போய்விடுவான், மிஞ்சுகிறவன் தானாக நின்றவன். 2009-ல் அமேசான் அந்தக் கம்பெனியை வாங்கியது. அந்த யோசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கிடங்கு ஊழியர்களுக்கு வருஷம் ஒருமுறை இப்படி ஒரு வாய்ப்பு உண்டு, முதல் வருஷம் 2,000 டாலர், வருஷத்துக்கு ஆயிரமாக ஏறி 5,000 வரை போகும் என்று 2014-ல் ஜெஃப் பேசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதினார். அந்த அறிவிப்பின் தலைப்பே "தயவுசெய்து இதை ஏற்காதீர்கள்" என்ற பொருளில்தான் இருக்குமாம்.

எங்கள் வீட்டிலும் இந்தத் திட்டம் அமலுக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அடுப்பு மேடையைப் பிரித்து உயரப்படி மாற்றி அமைப்பது பற்றி நான் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து வரைபடத்தின் மேலே வைத்தாள். "ஏங்க, எங்கேயாவது போய் நல்லதா ஏதாவது சாப்பிட்டுட்டு, ஆறு மணிக்கு மேல வாங்களேன்."

ஏற்காதீர்கள் என்ற தலைப்பெல்லாம் அதில் இல்லை. ஏற்றுக்கொண்டேன். நெய் ரவா தோசை, ஒரு காப்பி, திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது நிர்வாகம் முகமலர்ச்சியோடு வரவேற்றது. நானும் வரைபடத்தைக் கேட்கவில்லை. அதில் அப்பளம் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

1946-ம் வருஷத்து நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி விதிகளில், நிரந்தர இடத்துக்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டு மூன்று மாத சேவை முடிக்காதவர்தான் தகுதிகாண் பருவத்தினர் என்று இருந்தது. மனப்பாடமாகத் தெரியும், அதை வைத்து எத்தனையோ பேரை நெளிய வைத்திருக்கிறேன். என் மூன்று மாதம் எப்போதோ போயிற்று. பணி உறுதி ஆணை வரவில்லை. மெல்ல விஷயத்தை எடுத்தேன்.

"நான் இப்போ நிரந்தரமா, இல்லையா?"

"வத்தக்குழம்புக்கு எது கடைசில போடணும், சொல்லுங்க?"

"பெருங்காயம்."

"அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றாள்.

ஆனாலும் வெளியில் என் மதிப்பு உயர்ந்துகொண்டிருக்கிறது. எதிர் ஃப்ளாட்டில் ஒரு வங்கி மேனேஜர், அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் வீட்டம்மா முன்கூட்டியே அவரைப் பயிற்சிக்கு என்னிடம் அனுப்பியிருந்தார். டைரியும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார் மனுஷர். புரொஜெக்டர் போடலாமா என்று ஒரு சபலம் எனக்கு. அடக்கிக்கொண்டேன். உங்கள் வீட்டுக் குக்கருக்கு எந்த விசிலிலிருந்து எண்ண வேண்டும் என்று வேலைக்கு வருகிற அம்மாளிடம் முதலில் கேளுங்கள், உங்கள் வீட்டம்மாவிடம் கேட்காதீர்கள் என்றேன். பீன்ஸ் விஷயம் சொன்னேன். போனில் பேசும் நேரங்கள் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார். இருநூறு ரூபாய்த் திட்டத்துக்கு வந்தபோது மட்டும் பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், அது மாசத்துக்கு ஒரு தடவையா, வாராவாரமா?"

"அது நம்ம நடத்தையைப் பொறுத்தது."

"முதல் தடவையே முந்நூறு கேட்டா அதிகமா இருக்குமா?"

"வரைபடம் எவ்வளவு பெருசா போடறீங்கன்னு இருக்கு," என்றேன். அவர் மகனிடம் பெரிய சார்ட் பேப்பர் இருக்கிறதாம். எடுத்துவரப் போயிருக்கிறார்.